முப்பத்தொரு கிளாஸ்

கேண்டீனில் டீ கிளாஸ் குறைந்தால் துளசிங்கம் வேறு யார்மேலும் சந்தேகப்பட மாட்டான். நேராக என்னைத்தான் கூப்பிடுவான்.

“யோவ், உங்கம்மா ரூம்ல கீது பாரு. போய் வாங்கினு வா. ரெண்டு மணிக்கு ஷிப்டு வுடுவாங்கோ. நான் இன்னா அவனுங்க உள்ளங்கையிலயா டீ ஊத்தறது?”

என்னைப் பெற்றவளை அவன் சொல்லவில்லை. டைம் ஆபீசுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், கார்டில் ஓட்டை போடும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவரைத்தான் அப்படிச் சொல்வான். அவர் என்னைவிட மூன்று வயது சிறியவர். மற்றவர்கள் மேடம் என்றார்கள். எனக்கு அந்தச் சொல் நாக்கில் ஏறவில்லை. அம்மா என்றே கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இப்போது எழுதவும் கை வரவில்லை.

நான் உள்ளே போனால் மேஜைமேல் கிளாஸ்கள் ஒரே வரிசையாக நிற்கும். முப்பத்தொன்று. சில கவிழ்ந்திருக்கும், சில நிமிர்ந்திருக்கும். அம்மா கையில் கார்டுக் கட்டோடு குனிந்து, ஒவ்வொரு கார்டாகப் பார்த்துப் பார்த்து ஒரு கிளாஸை நிமிர்த்துவார். கொண்டையில் பென்சில் செருகியிருக்கும். மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். வாயில் எப்போதும் வேர்க்கடலை.

“துளசிங்கம் கேக்கறாரும்மா.”

“இருக்கச் சொல்லு நைனா. இருபத்தி மூணாம் தேதில நிக்கிறேன்.”

அவருக்கு ஊர் பள்ளிப்பட்டு. தாண்டினால் ஆந்திரா. மேனேஜரைத் தவிர ஆண்கள் எல்லோரும் அவருக்கு நைனாதான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கி வார்க்கிற ஒரு கம்பெனியில் நான் கேஷுவல் பியூன். ஐந்தாவது வரை படித்தவன். தமிழை எழுத்துக் கூட்டாமல் படிப்பேன், எண்கள் தெரியும், இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. வாய் திறந்து பேசவும் அவ்வளவாக வராது. ஆனாலும் எனக்கு ஒரு பெரிய வேலை கொடுத்திருந்தார்கள்.

மெட்ராசில் எங்கள் ஹெட் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. இங்கே ஒரு ஆள் ஒரு ஷிப்டு வேலை பார்த்தால் டைம் ஆபீசில் ஒரு சீட்டு எழுதுவார்கள். அந்தச் சீட்டைப் பார்த்து அம்மா ஒரு கார்டில் ஓட்டை போடுவார். மாதக் கடைசியில் கார்டுகளைப் பெட்டியில் அடுக்கி நான் ரயிலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் அவற்றைப் படித்து, யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்று அச்சடித்துத் தரும். மறுநாள் கார்டுகளையும் காகிதத்தையும் நான் வாங்கி வருவேன்.

அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று வரி வரியாக எழுதிக் கொடுத்தது அம்மாதான். அவரை ஓட்டை போடத்தான் வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஹெட் ஆபீசிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை இரவல் வாங்கி, தானாகப் படித்து, தானாக எழுதினார். முதல் தடவை அச்சான காகிதத்தை நான் கொண்டுவந்து கொடுத்த அன்று, அதன் தலைப்பில் இருந்த ஒற்றை வரியைத் தொட்டுக் காட்டினார்.

“இது இன்னா தெரியுமா? என் பேரு. இத எழுதினது நான்னு மெஷினே சொல்லுது பாரு நைனா.”

ஏழு எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவை நின்ற விதம் ஒரு படம் போல மனதில் தங்கிவிட்டது. முதல் எழுத்து குடைப்பிடி மாதிரி வளைந்திருக்கும். கடைசி எழுத்து கூடாரம் மாதிரி.

கிளாஸ்கள் எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் அவரே சொன்னார்.

“அந்த மெஷின் நம்மகிட்ட மாசத்துக்கு ஒரு தடவைதான் பேசும். நான் தப்பா எழுதியிருந்தா நீ மெட்ராஸ் போய்ட்டு வந்தாத்தான் தெரியும். அதுக்கு முன்னாடி இங்கயே ஓட்டிப் பாத்துக்கறேன். தேதிக்கு ஒரு கிளாசு. மொதல்ல எல்லாம் கவுந்திருக்கும். அஞ்சாம் தேதி கார்டு வந்தா அஞ்சாவது கிளாச நிமித்தணும். கடைசில நிமிந்தது எத்தினின்னு எண்ணு. அவ்ளோதான் அந்த மெஷின் செய்யறதும்.”

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான். ஆனா அதுக்கு டீ குடிக்கத் தெரியாது.”

அந்தக் கிளாஸ் வரிசையோடு முதலில் வந்து மோதினவன் ஏகாம்பரம். பழவேற்காட்டுக்காரன். ஏரியில் வலை போட்ட குடும்பம். படகில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, இனி கம்பெனிதான் என்று வந்து லோடிங்கில் சேர்ந்திருந்தான். குள்ளம். குரல் மட்டும் ஆறடி. அம்மாவுக்கு ‘ஓட்டையம்மா’ என்று பெயர் வைத்ததே அவன்தான். ஒரு நாள் அறைக்குள் நுழைந்து கத்தினான்.

“இன்னாமா இது நியாயம்? பத்தாம் தேதி நான் காலைல ஒரு ஷிப்டு, சாயங்காலம் ஒரு ஷிப்டு. ரெண்டு கார்டு கீதா இல்லியா?”

“இருக்கு.”

“அப்ப ரெண்டு நாளு போடு.”

அம்மா பத்தாவது கிளாஸை நிமிர்த்தினார். “இது மொத கார்டு. ரெண்டாவது கார்டு இந்தா, உன் கைல. நீயே நிமித்து.”

“அதான் நிமிந்துகினு கீதே.”

“நிமிந்த கிளாச இன்னொரு தடவை நிமித்த முடியுமா நைனா?”

ஏகாம்பரம் அந்தக் கிளாஸைத் தூக்கிப் பார்த்தான். சுற்றிப் பார்த்தான். அடியில் ஏதாவது ஏமாற்று வேலை இருக்கிறதா என்று விரலை விட்டுக்கூடப் பார்த்தான். பிறகு வைத்த இடத்திலேயே வைத்தான்.

“ஓவர்டைம் டப்பு வந்துடும், அது வேற. நாளு ஒண்ணுதான்,” என்றார் அம்மா.

“ஓட்டையம்மா பேச்சுல மட்டும் ஒரு ஓட்ட கெடையாதுபா,” என்று சொல்லிக்கொண்டே வெளியே போனான்.

அவன் ஒரு நாளுக்காகச் சண்டை போட்டதில் அர்த்தம் இருந்தது. வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்த கேஷுவல் ஆட்களை அந்த வருஷம் பர்மனென்ட் செய்யப் போவதாகவும், மற்றவர்களை நிறுத்திவிடப் போவதாகவும் கம்பெனி சொல்லியிருந்தது. கணக்கை மனிதர்கள் எழுதினால் வேண்டியவன் வேண்டாதவன் என்று புகார் வரும். அதனால் மெஷின் சொல்வதுதான் முடிவு.

அம்மாவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல் என்றால், நான் சொல்வது இதுதான்: அவர் கண் இருப்பதன்மேல் நிற்காது. இல்லாததன்மேல்தான் போய் நிற்கும். ஸ்டேஷன் பக்கம் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தார். காலையில் நான் கவரைப்பேட்டையிலிருந்து ரயிலில் வந்து இறங்கினால், சில நாள் சேர்ந்து நடப்போம். “இன்னைக்கு கேட்டுக்காரர் நாய் இல்ல பாத்தியா?” என்பார். எனக்கு அங்கே ஒரு நாய் இருந்ததே தெரியாது. ஒரு நாள் என் பையைப் பார்த்துவிட்டு, “ஏன் நைனா, பை காத்துல ஆடுது? சோறு இல்லியா?” என்று கேட்டார். நாஷ்டா பலமாகச் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். மதியம் தன் டப்பாவின் மூடியில் பாதிச் சோற்றை எடுத்து என் ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஏன் இல்லை என்று கேட்கவே இல்லை.

ஸ்டோரில் ஸ்பேனர் காணாமல் போனபோதும் அப்படித்தான். ஃபோர்மேன், “எவன்டா எடுத்தது?” என்று ஒரு வாரம் கத்திக்கொண்டிருந்தார். அம்மா ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு போனார். சுவரில் மாட்டியிருந்த பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரையும் வைத்து, சுற்றிலும் கோடு போட்டு, நம்பர் எழுதினார். “எவன்னு கேட்டா எல்லாரும் வாய மூடிக்குவாங்க நைனா. எதுன்னு கேளுங்க.” அதற்குப் பிறகு சாயங்காலம் பலகையைப் பார்த்தாலே போதும். எந்தக் கோட்டுக்குள் ஒன்றும் இல்லையோ அந்த நம்பரைச் சொன்னால், சத்தம் இல்லாமல் மறுநாள் அது வந்து தொங்கும். அவர் வேலையை விட்டுப் பள்ளிப்பட்டுக்கே திரும்பிப் போய்ப் பல வருஷம் ஆன பிறகும் அந்தக் கோடுகளின் மேல் யாரோ பெயின்ட் அடித்துப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள்.

சிரிப்பு வரும்படியும் சிலது செய்வார். ஒரு நாள் கரண்ட் போய் லோடிங் ஆட்கள் எட்டுப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவர்களை வரிசையாக நிற்க வைத்தார்.

“மெஷின் வரிசைப்படுத்தற மாதிரி உயரப்படி நிக்கணும். ஆனா மொத்தமாப் பாக்கக் கூடாது. பின்னாடி நிக்கறவன மட்டும் பாரு. அவன் உன்னவிடக் குள்ளமா இருந்தா எடம் மாத்திக்கோ.”

“இன்னாமா, ரேஷன் கடை க்யூவா? கெரசின் ஊத்துவியா?” என்றான் கடைசியில் நின்ற ஏகாம்பரம்.

ஆனால் மாறினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏகாம்பரம் ஒரு இடம் முன்னால் வந்தான். எட்டுச் சுற்றுக்குள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றுவிட்டான்.

“ஏகாம்பரத்துக்குப் பிரமோஷன்டோய்!” என்று ஒருவன் கூவினான்.

நடுவில் இருவர் ஒரே உயரம். “நாங்க இன்னா பண்றது?” என்றார்கள்.

“சமம்னா நகரக் கூடாது. சொம்மா நில்லுங்க,” என்றார் அம்மா. கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, கையில் இருந்த தாளில் ஏதோ ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். அவர்கள் நின்ற நிற்பிலிருந்து அவர் ஒரு தப்பைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷத்தின் கடைசி மாதக் கார்டுகள். அம்மா ஆயிரத்துக்கு ஒரு கட்டாக ரப்பர் போட்டு, மிச்சத்தைக் கொசுறுக் கட்டாகக் கட்டுவார். இரண்டையும் பெட்டியில் வைத்து ரயில் ஏறினேன். உட்கார இடம் இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொள் என்றுதான் அம்மா எப்போதும் சொல்வார். அன்று காலுக்கு நடுவில் தரையில் வைத்தேன். பொன்னேரியில் மீன்கூடைகளோடு பெண்கள் ஏறினார்கள். ஒரு கூடை பெட்டியை இடித்தது. பெட்டி சாய்ந்து மூடி திறந்தது. ஆயிரம் கார்டுக் கட்டின் ரப்பர் அறுந்துவிட்டது.

ஈரத் தரை முழுவதும் கார்டு.

“ஐயோ, இன்னா கண்ணு இது? லாட்டரி டிக்கெட்டா?” என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெண்களே குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். கூடைகளுக்கு அடியில், காலுக்கு அடியில், கதவோரத்தில் எல்லாம் தேடினோம். வேட்டி முனையால் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன். வேறு ரப்பர் இல்லை, கைக்குட்டையால் கட்டினேன். ஹெட் ஆபீசில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து கேட்டில் தமிழில் எழுதி லிஸ்ட் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. இருநூற்று அறுபத்தாறு நாள். பர்மனென்ட். ஏகாம்பரத்துக்கு இருநூற்று முப்பத்தொன்பது.

அவன் அன்று கத்தவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்து விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “ஒரு நாளு நைனா. ஒரே ஒரு நாளு. எந்த நாளுன்னு தெரிஞ்சாக்கூட மனசு ஆறிடும்,” என்றான். “தம்பிகிட்டப் போய் மறுபடியும் படகுல எடம் கேக்கணும். அவன் தர மாட்டான்னு இல்ல. அவன் பொண்டாட்டி இன்னா மொகத்தோட தருவாளோன்றதுதான்.”

வீட்டில் என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து வாசல் கதவைச் சாத்தினாள். “அது அவன் கார்டுதான்னு உனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணு கொறைஞ்சுச்சான்னே தெரியாது. கம்பெனி சாமானத் தொலைச்சேன்னு நீயே போய் நின்னா வுட்டுடுவானுங்களா? இப்பத்தான் பேரு வந்துகீது. உன் வேலைக்கு நீயே ஒல வெச்சுக்காத.”

அவள் சொன்னதில் தப்பு இல்லை. மூன்று நாள் அவள் சொன்னபடியே இருந்தேன். நான்காம் நாள் மதியம் அம்மாவின் அறை வாசலில் போய் நின்றேன். அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னுரை எல்லாம் வராது.

“பொன்னேரில பெட்டி வுழுந்துடுச்சும்மா. அன்னைக்கு.”

அவர் கை நின்றது.

“எல்லாத்தையும் பொறுக்கிட்டேன்,” என்றேன்.

“பொறுக்கினது எத்தினின்னு கேக்கல நைனா. பொறுக்காதது எத்தினி?”

எனக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. ஏன் மறைத்தாய் என்று அவர் கேட்பார், அதற்கு என்ன சொல்வது என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. எழுந்து கார்டுப் பெட்டியை எடுத்தார்.

“கலைஞ்சா பரவால்ல. நீ ரயில்ல தூக்கினு போறவன், என்னைக்காவது கீழ போடுவேன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கார்டு எந்த வரிசைல வந்தாலும் நாளு சரியா வர மாதிரி எழுதினேன். உன்ன நெனச்சு எழுதினதுதான் அது.” பெட்டியின் மூடியைத் திறந்தார். “ஒண்ணு வராமயே போனா இன்னா ஆவும்? அத நான் நெனைக்கல.”

கேண்டீனுக்குப் போனோம். மூன்று மணி. ஷிப்டு டீ முடிந்து துளசிங்கம் மேஜை துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா பத்துக் கிளாஸை நீள மேஜைமேல் இடம் விட்டு விட்டு வைத்தார்.

“மொத கிளாசு பூஜ்யம். அடுத்தது ஒண்ணு. கடைசி ஒம்பது.”

“பூஜ்யத்துக்கு எதுக்கும்மா கிளாசு?”

“அதுக்கும் ஒரு எடம் வேணும்ல? இல்லன்னா அது எங்க போய் நிக்கும்?”

ஒவ்வொரு கார்டின் மேல் ஓரத்திலும் பொடி எழுத்தில் ஒரு வரிசை நம்பர் இருந்தது. மூன்று பூஜ்யத்தில் தொடங்கி மூன்று ஒன்பதில் முடியும். ஆக ஆயிரம். கடைசி எண் எதுவோ அந்தக் கிளாஸின் முன்னால் கார்டைப் போட வேண்டும். இருவரும் எதிரெதிரே நின்று போட்டோம்.

“இன்னாமா, மங்காத்தாவா? எனக்கும் ஒரு கை போடு,” என்றான் துளசிங்கம். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பத்துக் குவியல். ஒவ்வொன்றிலும் நூறு இருக்க வேண்டும். எண்ணினோம். பூஜ்யம், நூறு. ஒன்று, நூறு. ஆறு வரைக்கும் நூறு. ஒன்றும் குறையவில்லையோ என்று ஒரு நிமிஷம் மனம் பறந்தது. ஏழாம் எண் குவியல் என் கையில் இருந்தது. தொண்ணூற்றொன்பது. எச்சில் தொட்டு மறுபடி எண்ணினேன். தொண்ணூற்றொன்பது. அம்மாவிடம் நீட்டினேன். அவரும் எண்ணினார்.

எட்டிலும் ஒன்பதிலும் நூறு நூறு இருந்தது. அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தத் தொண்ணூற்றொன்பதை மட்டும் நடு எண்ணைப் பார்த்து மறுபடி பத்தாகப் பிரித்தோம். ஒவ்வொன்றிலும் பத்து. நான்கு என்ற கிளாஸின் முன்னால் மட்டும் ஒன்பது.

அந்த ஒன்பது கார்டையும் அம்மா மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். நாற்பத்தேழு, நூற்று நாற்பத்தேழு, இருநூற்று நாற்பத்தேழு… ஐந்நூற்று நாற்பத்தேழுக்கு அப்புறம் எழுநூற்று நாற்பத்தேழு. நடுவில் ஒரு கார்டு அகலத்துக்கு இடம் விட்டுத் தள்ளி வைத்தார்.

“இங்க,” என்றார்.

வெறும் மேஜை. ஆனால் எனக்கு அங்கே ஒரு கார்டு கிடப்பது போலவே இருந்தது.

அறைக்குத் திரும்பி, சீட்டுக் கட்டை எடுத்தார். கார்டின் நம்பர்தான் சீட்டுக்கும். அறுநூற்று நாற்பத்தேழாம் சீட்டில் யார் பெயர் என்று பார்த்தால் போதும். கட்டைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“யாரோடதா இருந்தாலும் நான் எழுதி அனுப்பியே ஆவணும். ஏகாம்பரத்தோடது இல்லன்னா அவனுக்கு இருநூத்தி முப்பத்தொம்போதுதான். உனக்கும் ஒண்ணும் ஆவாதுன்னு நான் சொல்ல முடியாது. பாக்கட்டுமா?”

தலையை ஆட்டினேன்.

சீட்டுகளைத் தள்ளித் தள்ளி ஒன்றில் நிறுத்தினார். படித்தார். பிறகு மேஜையில் இருந்த கிளாஸ் வரிசையில் பத்தொன்பதாவதைத் தொட்டு நிமிர்த்தினார்.

“பத்தொம்போதாம் தேதி. லோடிங். ஏகாம்பரம்.”

அன்றே ஒரு புதுக் கார்டு அடித்தார். ஒரு கடிதம் எழுதினார். இங்கிலீஷில் ஒரு பக்கம். உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். மறுநாள் காலை ரயில் ஏறினேன். இரண்டாயிரம் கார்டு வைக்கிற பெட்டியில் ஒரே ஒரு கார்டு. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சட்டைப் பையில் உறை. அதில் என் பெயர் இருக்கும், பொன்னேரி இருக்கும், மறைத்தது இருக்கும் என்று நினைத்தேன். என்னை வேலையை விட்டு அனுப்பும் காகிதத்தை நானே சுமந்துகொண்டு போகிறேன் என்று நினைத்தேன். பேசின் பிரிட்ஜ் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனபோது ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி உறையை விட்டிருந்தால் போதும். நீட்டவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. ஒன்றைத் தொலைத்து மூன்று நாள் பட்டது போதும் என்றிருந்தது.

அதற்கு முன்பே பொன்னேரியில், அன்று கார்டு பொறுக்கிக் கொடுத்த மீன்காரப் பெண்களில் ஒருத்தி ஏறியிருந்தாள். மடியில் இருந்த பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னா கண்ணு, இன்னைக்கு ஒண்ணுதான் வுழுந்துச்சா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாட்களில் முதல் தடவையாக.

அந்த வாரக் கடைசியில் திருத்தின லிஸ்டை ஒட்டினார்கள். ஏகாம்பரம், இருநூற்று நாற்பது. அவன் போட்ட சத்தத்தில் கேட்டுக்கு வெளியே நின்ற லாரிக்காரன் இறங்கி வந்துவிட்டான். “மெஷினுக்கே புத்தி வந்துச்சுபா! நான் அப்பவே சொன்னேன் இல்ல?” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னான். அம்மாவும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. என்னை யாரும் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை. என் பெயர் லிஸ்டில் அப்படியே இருந்தது. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் வழக்கம்போலக் கார்டு கொண்டுபோய், மறுநாள் காகிதத்தை வாங்கிக்கொண்டு ரயிலில் உட்கார்ந்தேன். மடிப்பை லேசாகப் பிரித்துப் பார்ப்பது என் பழக்கம். பெயர்கள், எண்கள் எல்லாம் இருந்தன. ஆனாலும் ஏதோ சரியில்லை. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. கவரைப்பேட்டை தாண்டின பிறகுதான் புரிந்தது.

அறைக்குள் போய்க் காகிதத்தை மேஜைமேல் வைத்தேன்.

“அம்மா, மேல ஒரு வரி காணோம்.”

“எந்த வரி?”

“அதான்… கொடப்பிடி மாதிரி ஆரம்பிக்குமே.”

அவர் காகிதத்தின் தலைப்பைப் பார்த்தார். பிறகு சிரித்தார். வாய்விட்டு, கையில் இருந்த கடலை சிந்தும்படி சிரித்தார்.

“தேவுடா! இல்லாததப் பாக்க நீயும் கத்துக்கினியா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரே சொன்னார். இனிமேல் புரோகிராமை ஹெட் ஆபீஸ் ஆட்களே எழுதிக்கொள்வார்களாம். இங்கே ஓட்டை மட்டும் போட்டால் போதுமாம்.

“அந்த லெட்டர்ல இன்னாம்மா எழுதினீங்க?”

“ஆயிரம் கார்டு அனுப்பினா ஆயிரமும் உள்ள வந்துச்சான்னு மெஷின் எண்ணிப் பாத்திருக்கணும். அத நான் எழுதாம வுட்டேன். தப்பு என்னோடதுன்னு எழுதினேன்.”

“நான் கீழ போட்டேன்னு எழுதியிருக்கலாமேம்மா.”

“பொட்டின்னா வுழும் நைனா. ரயிலுன்னா ஆடும். வுழுந்ததே தெரியாம இருநூத்தி முப்பத்தொம்போதுன்னு அச்சடிச்சுதே, அது நான் எழுதினது.” காகிதத்தை என் பக்கம் திருப்பி ஒரு பெயரின்மேல் விரல் வைத்தார். “ஏகாம்பரம் பேருக்கு நேர இன்னா போட்டிருக்கு, பாரு.”

விரல் நின்ற வரியில் இருந்த எண்ணைப் பார்த்தேன். “இருபத்தஞ்சு.”

“அவன் வந்ததும் அத்தினி நாளுதான். அப்ப சரி.” மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். “இந்தக் கிளாசெல்லாம் துளசிங்கத்துகிட்ட குடுத்துடு. இனிமே வேணாம்.”

தட்டில் அடுக்கிக் கேண்டீனுக்கு எடுத்துப் போனேன். துளசிங்கம் நம்பாமல் ஒவ்வொன்றாக எண்ணினான்.

“…இருபத்தொம்பது, முப்பது, முப்பத்தொண்ணு. அட! மொத தடவையா எல்லாம் சரியா கீதுய்யா.” என் முகத்தைப் பார்த்தான். “இன்னாத்துக்கு அழுவுற? எல்லாந்தான் கீதே. இன்னா கொறையுது?”

தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவன் கிளாஸ்களைக் கழுவி, பலகைமேல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தான்.